ஒரு வெள்ளை வாளி, ஒரு மீன்தொட்டி டியூப், கொஞ்சம் இட்லி மாவு

போன எபிசோட்ல பழைய ஃபிரிட்ஜை வெச்சு என்னெல்லாம் பண்ணலாம்னு பேசிட்டு, கடைசியில போற போக்குல ஒரு வார்த்தை சொன்னேன். "பீர் காய்ச்சுறவங்க இதை வேற மாதிரி யூஸ் பண்ணுவாங்க"ன்னு. அவ்வளவுதான். நாற்பது நிமிஷம் நான் பேசினதை விட்டுட்டு, வந்த மெசேஜ்ல பாதி அந்த ஒரு வரியைப் பத்தி. "அண்ணா, வீட்ல பீர் செட்டப் போட எவ்வளவு ஆகும்?", "ப்ரோ, ஐயாயிரத்துக்குள்ள முடியுமா?"

முடியும். அதுக்குக் கம்மியாவே முடியும். ஆனா ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன், இல்லன்னா எடிட் பண்ணும்போது யாராவது திட்டுவாங்க. தமிழ்நாட்டுல இருந்து கேக்குறீங்கன்னா, வீட்ல பீர் காய்ச்சுறது குற்றம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு இருக்கு, அப்புறம் என்ன மதுவிலக்குன்னு கேப்பீங்க. சட்டத்தோட பேரு இன்னும் அதுதான். லைசென்ஸ் இருந்தா செய்யலாம், விக்கலாம். இல்லாட்டி கூடாது. அதோட நாலாவது பிரிவைப் படிச்சீங்கன்னா, மது தயாரிக்கிறது மட்டும் இல்ல, தயாரிக்கிறதுக்கான பொருள், பாத்திரம், கருவி எதையாவது வெச்சிருக்கிறதும் அதுக்குள்ள வருது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி நம்ம கதையில இது வரும்.

அப்போ எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்? என் அத்தை பையன் இங்கிலாந்துல, லீட்ஸ்ல இருக்கான். அங்க 1963-ல இருந்தே வீட்டுக்குப் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்ல. விக்கத்தான் கூடாது. அமெரிக்காவுல இதுக்கு இன்னும் லேட், 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வந்தப்புறம்தான். மச்சான் பயோகெமிஸ்ட்ரி படிச்சவன். அவனுக்கு ஈஸ்ட் தெரியும், எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. எனக்கு அப்படியே உல்டா. அதனால 2024 கோடையில, வீட்டுல இருந்து வேலைன்னு நான் எங்க ஊருக்கு, மணலூர்பேட்டைக்குப் போயிருந்தப்போ, ரெண்டு பேரும் வீடியோ கால்ல உக்காந்து ஒரு செட்டப் கட்டினோம். அவன் பக்கம் பீர். என் பக்கம் வெறும் தண்ணி. எல்லா டெஸ்ட்டையும் நான் தண்ணியிலதான் பண்ணேன். ஒரே ஒரு டெஸ்ட் தவிர. அதுக்கு வர்றேன்.

சரி, பீர்னா என்ன நடக்குதுன்னு ரொம்ப வேகமா சொல்லிடறேன். பார்லியை முளைக்க வெச்சு காய வெச்சா மால்ட். அதை உடைச்சு 65ல இருந்து 68 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வெச்சா, அதுல இருக்கிற என்சைம் மாவுச்சத்தை சர்க்கரையா மாத்திடும். அந்த இனிப்புத் தண்ணியை வடிகட்டி, ஹாப்ஸ் பூவோட ஒரு மணி நேரம் கொதிக்க விடணும். ஆற வெச்சு, ஈஸ்ட் போட்டு, மூடி வெச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல ஈஸ்ட் சர்க்கரையைச் சாப்பிட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடும். அப்புறம் பாட்டில். மால்ட் ஊற வைக்கிற வேலையே வேணாம்னா டப்பாவுல வர்ற மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வாங்கிக்கலாம். மச்சான் முதல்ல அதுதான் பண்ணான்.

இதுல எங்க கருவி வேணும்? ஒரு பெரிய பாத்திரம், கொதிக்க வைக்க. பிரியாணி அண்டா போதும். ஒரு மூடி போட்ட வாளி, நொதிக்க வைக்க. காத்து வெளிய போகணும், உள்ள வரக் கூடாது, அதுக்கு ஏர்லாக். சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்க ஹைட்ரோமீட்டர். ஒரு டியூப், ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் இறக்க. இவ்வளவுதான். கடையில இதையே பெட்டி போட்டு, மேல ஒரு படம் ஒட்டி மூணு மடங்கு விலைக்கு விப்பாங்க.

வாளியில ஒரே ஒரு விஷயம் பாருங்க: அது உணவுக்கான பிளாஸ்டிக்கா இருக்கணும். பேக்கரிக்கு க்ரீமும் ஜாமும் வர்ற வெள்ளை வாளி இருக்குல்ல, 20 லிட்டர், இறுக்கமான மூடியோட? அது. எங்க ஊர் பக்கத்துல ஒரு பேக்கரியில 120 ரூபாய்க்குக் குடுத்தாங்க, கூடவே "எதுக்கு தம்பி?"ன்னு ஒரு கேள்வியும். பெயிண்ட் வாளி வேணாம். பாக்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் கம்மி, எவ்வளவு தேச்சுக் கழுவினாலும் அது பெயிண்ட் வாளிதான். அப்புறம், வாளிக்குள்ள கம்பி நார் போட்டுத் தேய்க்காதீங்க. ஒவ்வொரு கீறலும் பாக்டீரியாவுக்கு ஒரு வீடு.

ஏர்லாக்கைக் கடையில வாங்காதீங்க. மூடியில ஒரு ஓட்டை, அதுல ஒரு ரப்பர் வாஷர், அதுக்குள்ள மீன்தொட்டிக்குப் போடுற காத்து டியூப். டியூபோட இன்னொரு முனை ஒரு தண்ணி பாட்டிலுக்குள்ள, தண்ணிக்கு அடியில. உள்ள இருக்கிற காத்து குமிழியா வெளிய வரும், வெளிக்காத்து உள்ள போகாது. இருபது, முப்பது ரூபா வேலை.

ஹைட்ரோமீட்டர் மட்டும் காசு குடுத்து வாங்குங்க. கண்ணாடில மிதக்குற சின்னக் குழாய் அது. வெறும் தண்ணில 1.000 காட்டணும். 100 கிராம் சர்க்கரையை 900 கிராம் தண்ணில கரைச்சா சுமார் 1.040 காட்டணும். காட்டுச்சுன்னா நல்ல சரக்கு. நொதிக்கிறதுக்கு முன்னாடி 1.045, முடிஞ்சப்புறம் 1.010ன்னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் 0.035. அதை 131.25-ஆல பெருக்கினா 4.6. அதுதான் ஆல்கஹால் சதவீதம், தோராயமா. பொதுவா 20 டிகிரி தண்ணிக்குத்தான் அதுல கோடு போட்டிருப்பாங்க. எங்க ஊர் சின்டெக்ஸ் டேங்க் தண்ணில மே மாசம் போட்டுப் பாத்துட்டு, "மச்சான், கருவி போச்சு"ன்னு நான் ஒரு மணி நேரம் புலம்பினது தனிக்கதை.

இப்போ நிஜமான பிரச்சினைக்கு வரேன். சூடு.

இங்கிலீஷ் ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18ல இருந்து 22 டிகிரி வேணும். அதுக்கு மேல போனா அது வேலை செய்யாதுன்னு இல்ல, ரொம்ப வேகமா செய்யும். வேகமா செஞ்சு, பழவாசனை, பெயிண்ட் தின்னர் மாதிரி வாசனையெல்லாம் விட்டுட்டுப் போகும். இன்னொண்ணு, நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு விடும். ரூம் 22-ல இருந்தா வாளிக்குள்ள இன்னும் சில டிகிரி கூட இருக்கும்.

இதுக்காக ஒரு நாடே சட்டம் போட்டிருக்கு தெரியுமா? பவேரியாவுல 1553-ல ஒரு உத்தரவு. ஏப்ரல் 23-ல இருந்து செப்டம்பர் 29 வரைக்கும் பீர் காய்ச்சவே கூடாதுன்னு. கோடைக்காலத்துப் பீர் கெட்டுப் போச்சு, அதுதான் காரணம். முந்நூறு வருஷம் கழிச்சு, 1870-கள்ல கார்ல் வான் லிண்டேன்னு ஒரு இன்ஜினியர் குளிரூட்டும் மெஷின் பண்ணார். அதுக்குக் காசு போட்டவங்கள்ல முக்கியமானவங்க பீர் ஆலைக்காரங்க. நம்ம வீட்டு ஃபிரிட்ஜுக்கு அது ஒரு தாத்தா மாதிரி. இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ்காரங்க பீர் ஆலையை எங்க வெச்சாங்கன்னு பாருங்க: கசௌலி, முரீ. ரெண்டும் மலை. குளிர் ஓசியில கிடைக்கிற இடம்.

எங்க ஊர் அப்படி இல்ல. மணலூர்பேட்டை தெரியாதவங்களுக்கு: கள்ளக்குறிச்சி மாவட்டம், தென்பெண்ணை ஆத்தங்கரை. தை மாசம் அஞ்சாம் தேதி திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கதான் வருவார். அன்னைக்கு ஆத்துல கால் வைக்க இடம் இருக்காது. மே மாசம் அதே ஆத்து மணல்ல கால் வைக்கவே முடியாது. அப்படி ஒரு சூடு.

அதனால நான் ரொம்ப சீரியஸா குளிர வைக்கிற வேலையில இறங்கிட்டேன். முதல்ல காசே ஆகாத வழி. வாளியில 20 லிட்டர் தண்ணி. சுத்தி ஈரச் சாக்கு. சாக்கோட அடி ஒரு தாம்பாளத் தண்ணில முங்கி இருக்கும், தானா உறிஞ்சிக்கும். பின்கட்டுல நிழல்ல வெச்சு ஒரு டேபிள் ஃபேன். மதியம் ரெண்டு மணிக்கு வெளிய 39 டிகிரி, வாளித் தண்ணி 29. பானைத் தண்ணியோட அதே ரகசியம்தான், தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகுது. பத்து டிகிரி ஓசி! ஆனா அதுக்குக் கீழ இறங்காது. காத்துல எவ்வளவு ஈரம் இருக்கோ அதைப் பொறுத்து ஒரு அடிமட்டம் உண்டு. சென்னையில இதே சாக்கை வெச்சா உங்களுக்கு இந்தப் பத்து கிடைக்காது.

அடுத்து ஐஸ். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு கிலோ ஐஸ் உருகினா 20 லிட்டர் தண்ணிய சுமார் 4 டிகிரி இறக்கும். ஒரு பெரிய டப்புல தண்ணி ஊத்தி, அதுக்குள்ள வாளியை வெச்சு, ஃப்ரீஸர்ல உறைய வெச்ச தண்ணி பாட்டிலைக் காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டுன்னு மாத்திக்கிட்டே இருக்கணும். நடக்குது. ஆனா டப்பும் வெயில்ல சூடாகுது, அதனால பாட்டில் போதல. ஃப்ரீஸர் முழுக்க என் பாட்டில். எங்க ஆயா மீன் வெக்க இடமில்லன்னு மூணு நாளா என் கூடப் பேசல.

கடைசியா பழைய ஃபிரிட்ஜ். சிங்கிள் டோர், வீட்ல சும்மா கிடந்தது. ஈஎஸ்பி8266 போர்டு 280 ரூபா, தண்ணி புகாத டிஎஸ்18பி20 சென்சார் 130, ரிலே 70. சென்சாரை ஐஸ் தண்ணில முக்கிப் பாத்தேன், பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி பக்கத்துல காட்டுச்சு, போதும். கோடு எழுத அரை மணி நேரம். 20-க்கு மேல போனா ஃபிரிட்ஜ் ஆன், 20-க்குக் கீழ வந்தா ஆஃப். இன்ஜினியரிங் காலேஜ் முதல் வருஷப் பையன் எழுதுற இஃப்-எல்ஸ். பவர் போட்டேன். ரிலே டக்... டக்... டக்டக்டக்னு தட்ட ஆரம்பிச்சுது. கம்ப்ரஸர் முக்கி முக்கி ஒரு சத்தம். அப்பா உள்ள இருந்து ஓடி வந்து பிளக்கைப் புடுங்கிட்டார்.

ரெண்டு தப்பு. ஒண்ணு, ஆனுக்கும் ஆஃபுக்கும் இடையில இடைவெளியே வைக்கல. 20.5-ல ஆன், 19.5-ல ஆஃப்னு வெச்சிருக்கணும். ரெண்டு, கம்ப்ரஸர் ஒரு தடவை நின்னா, உள்ள இருக்கிற அழுத்தம் சமமாக அஞ்சு நிமிஷமாவது விட்டுட்டுத்தான் மறுபடி போடணும், இல்லன்னா மோட்டார் போயிடும். மூணாவதா ஒண்ணு, தப்புன்னு சொல்ல மாட்டேன், அறியாமை: சென்சாரை ஃபிரிட்ஜுக்குள்ள காத்துல தொங்க விட்டிருந்தேன். கதவைத் திறந்தா காத்து மாறும், தண்ணி மாறாது. சென்சாரை வாளியோட பக்கவாட்டுல ஒட்டி, மேல ஒரு தெர்மாகோல் துண்டை வெச்சு டேப் போட்டப்புறம்தான் அது வாளியோட சூட்டைப் பாக்க ஆரம்பிச்சுது. கிராஃப் அழகா, பாம்பு மாதிரி, மெதுவா ஏறி இறங்குச்சு.

பெருமையா மச்சானுக்கு அனுப்பினேன். அவன் பாத்துட்டு சொல்றான்: "டேய், எல்லாம் சூப்பர். ஆனா இங்க வீடே ஃபிரிட்ஜ் மாதிரிதான்டா இருக்கு. எனக்குச் சூடு பண்ற செட்டப் குடு."

ரெண்டு வாரம் நான் எனக்காக ஒரு மெஷின் பண்ணிட்டிருந்திருக்கேன். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல, யூஸர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்லவேளையா கோடுல ஒரு குறியைத் திருப்பிப் போட்டு, ஃபிரிட்ஜுக்குப் பதிலா வாளியைச் சுத்திக் கட்டுற 25 வாட் ஹீட் பெல்ட்டை ரிலேல மாட்டினா வேலை முடிஞ்சது. கம்ப்ரஸர் கோடை அப்படியே விட்டு வெச்சோம். ஜூலைல அங்க சில நாள் வெயில் அடிக்கும்போது தேவைப்படும்னு.

இப்போ அந்த ஒரே ஒரு டெஸ்ட். ஏர்லாக் வேலை செய்யுதான்னு தண்ணிய வெச்சுப் பாக்க முடியாது, உள்ள காத்து உற்பத்தியாகணும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டா அது நான் தொடக்கூடாத ஏரியா. யோசிச்சேன். நம்ம வீட்ல தினமும் நொதிக்கிற ஒரு பொருள் இருக்கே? ஆயா அரைச்சு வெச்சிருந்த இட்லி மாவுல ஒரு நாலு லிட்டர். மாவு பொங்குறதே, அதுல இருக்கிற லியூகோநாஸ்டாக்ங்கிற பாக்டீரியா விடுற கார்பன் டை ஆக்சைடாலதான். நமக்கு வேண்டிய அதே காத்து.

வாளில ஊத்தி, மூடி, டியூபைத் தண்ணி பாட்டில்ல விட்டேன். விடிஞ்சா ஒரு குமிழி கூட இல்ல. திறந்து பாத்தா மாவு நல்லா பொங்கி இருக்கு. அப்போ காத்து எங்க போச்சு? மூடி வழியா. சோப்புத் தண்ணியை மூடி ஓரமாத் தடவி டியூப்ல ஊதினேன், ஒரு இடத்துல நுரை வந்துச்சு. இது வீட்ல காய்ச்ச ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் மாட்டுற இடம். ஏர்லாக்ல குமிழி வரலன்னா ஈஸ்ட் செத்துப் போச்சுன்னு பயந்து மூடியைத் திறந்து திறந்து பாத்தே கெடுத்துடுவாங்க. குமிழியை நம்பாதீங்க, ஹைட்ரோமீட்டரை நம்புங்க. மூடிக்கு உள்ள ஒரு சுத்து டெஃப்லான் டேப் போட்டு அடுத்த நாள் வெச்சேன். ராத்திரி பதினோரு மணிக்கு, "டுபுக்". பத்து செகண்ட் கழிச்சு இன்னொரு "டுபுக்". நானும் மச்சானும் வீடியோ கால்ல கத்தினதுல பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சிடுச்சு.

ஆயா எழுந்து வந்து பாத்தாங்க. பின்கட்டு, இருட்டு, வெள்ளை வாளி, டியூப், குமிழி சத்தம், புளிச்ச வாசனை.

"ஏன்டா, ஊறலா போட்டு வெச்சிருக்க?"

கேட்ட விதத்துல கிண்டல் இல்ல. அவங்களுக்கு நிஜமாவே கை நடுங்குச்சு. மாவுன்னு திறந்து காட்டினேன். "மாவுக்கு எதுக்குடா டியூபு? யாராவது பாத்தா என்னா நினைப்பாங்க? எடுத்து உள்ள வை." அந்த மாவுல அடுத்த நாள் இட்லி சுட்டாங்க, நல்லாதான் வந்துச்சு. அவங்க மட்டும் சாப்பிடல.

ஊறல்னா சிட்டில இருக்கிற பலருக்குத் தெரியாது. வெல்லம், வேலம்பட்டை, தண்ணி போட்டு டிரம்லயோ மண்ணுல புதைச்ச பேரல்லயோ நொதிக்க வைக்கிறது ஊறல். அதைக் காய்ச்சி வடிச்சா சாராயம். எங்க மாவட்டப் பேப்பர்ல அடிக்கடி வர்ற செய்தி இது: கல்வராயன் மலையில இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு. படத்துல போலீஸ்காரங்க நீல டிரம்மைக் கவுத்துக்கிட்டு நிப்பாங்க. வெளியூர்ல வேலைக்குச் சேர்ந்தப்போ "எந்த ஊர்?"னு கேட்டு, கள்ளக்குறிச்சின்னு சொன்னா ஒரு சிரிப்பு வரும் பாருங்க. அந்தச் சிரிப்பைப் பல வருஷமா வாங்கியிருக்கேன். அதனாலதானோ என்னவோ, ஆயா பதறினது எனக்கு முதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு. "ஆயா, இது வேற, அது வேற"ன்னு லெக்சர் குடுத்தேன்.

லெக்சர்ல தப்பு ஒண்ணும் இல்ல. நொதிக்கிறது வேற, வடிக்கிறது வேற. மச்சான் கிட்ட ஒரு செம்புக் குழாய்ச் சுருள் இருக்கு, கொதிச்ச பாத்திரத்துக்குள்ள இறக்கி, உள்ள குழாய்த்தண்ணி விட்டு ஆற வைக்க. வெளிய இருந்து பாத்தா சாராயம் வடிக்கிற சுருள் மாதிரியே இருக்கும். ஆனா இதுக்குள்ள போறது பச்சைத் தண்ணி, அதுக்குள்ள போறது ஆவி. உலகத்துல பல நாடுகள்ல வீட்ல பீர் காய்ச்ச விடுவாங்க, வடிக்க விட மாட்டாங்க. நியூசிலாந்து ஒரு விதிவிலக்கு, அங்க 1996-ல இருந்து சொந்த உபயோகத்துக்கு வடிக்கலாம்.

இதெல்லாம் மே கடைசி.

ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி கருணாபுரம். உங்க எல்லாருக்கும் தெரியும். பாக்கெட்ல வித்த சாராயத்தைக் குடிச்சு 65 பேருக்கு மேல செத்துப் போனாங்க. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போறவங்க. அதுக்கு முந்தின வருஷம்தான், 2023 மே மாசம், மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் இதே மாதிரி இருபது பேருக்கு மேல போயிருந்தாங்க.

அன்னைக்கு வீட்ல டிவி காலைல இருந்து ஓடிட்டே இருந்துச்சு. ஒரே தெருவுல வரிசையா பந்தல். ஆயா பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் பேசல. சாயங்காலம் அப்பா வந்து, என்கிட்ட இல்ல, சுவரைப் பாத்துச் சொல்ற மாதிரி சொன்னார்: "பின்னாடி இருக்கிறதை எல்லாம் எடுத்துடு."

எடுத்தேன். மாநிலம் முழுக்க கள்ளச்சாராய வேட்டை நடந்துக்கிட்டிருக்கு. என் பின்கட்டுல ஒரு 20 லிட்டர் வாளி, மூடில ஓட்டை, டியூப், ஹைட்ரோமீட்டர். உள்ள தண்ணிதான் சார்னு நான் சொல்லலாம். முதல்ல சொன்னேனே, கருவி வெச்சிருக்கிறதைப் பத்தி? அந்தப் பிரிவைத் தேடிப் படிச்சதே அன்னைக்கு ராத்திரிதான். அந்த மாசக் கடைசியிலயே சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால சாவு நடந்தா ஆயுள் தண்டனை வரைக்கும்னு ஆக்கினாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி கெமிஸ்ட்ரி பேசணும், ஏன்னா வாட்ஸ்அப்ல அப்போ வந்ததுல நிறையத் தப்பு. "ஊறல் சரியா போடல, அதனால விஷமாயிடுச்சு", "வடிக்கத் தெரியாதவன் வடிச்சிருக்கான்". இல்ல. வெல்லத்தையோ தானியத்தையோ நொதிக்க வெச்சா உருவாகிறது எத்தனால். மெத்தனால் கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது, பழத்துல இருக்கிற பெக்டின்ல இருந்து கொஞ்சூண்டு வரும், அவ்வளவுதான். கருணாபுரத்துல கொன்னது தொழிற்சாலைக்குப் போற மெத்தனால். மலையில யாரோ தப்பா காய்ச்சினது இல்ல, கலந்து வித்தது. நாக்குலயோ மூக்குலயோ வெச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பத்த வெச்சு தீயோட நிறத்தைப் பாக்கிறதையும் நம்பாதீங்க.

உடம்புக்குள்ள என்ன ஆகுதுன்னா, ஈரல் மெத்தனாலை முதல்ல ஃபார்மால்டிஹைடா, அப்புறம் ஃபார்மிக் ஆசிடா மாத்துது. அந்த ஆசிட்தான் கண் நரம்பைத் தாக்குது, ரத்தத்தைப் புளிக்க வைக்குது. இதுக்கு நேரம் ஆகும், பல சமயம் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கூட. அதனாலதான் குடிச்சவங்க போதை இறங்கித் தூங்கி எழுந்து, "நமக்கு ஒண்ணும் இல்ல"ன்னு வீட்லயே இருந்துடறாங்க. வயித்து வலி, வாந்தி, கண்ணு மங்கலா தெரியுது, பனிக்குள்ள பாக்கிற மாதிரி இருக்குன்னு யாராவது சொன்னா, வெயிட் பண்ணாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. என்ன குடிச்சாங்கன்னு வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஃபோமெபிசோல்னு மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. சீக்கிரம் போனாத்தான் பலன்.

இதை ஆயாகிட்டயும் சொன்னேன், ஒரு வாரம் கழிச்சு. ஊறல் கொல்லல ஆயா, கலந்த மருந்துதான் கொன்னுச்சுன்னு. அவங்க கேட்டாங்க: "குடிக்கிறவனுக்கு அது எப்படிடா தெரியும்?"

எனக்குப் பதில் இல்ல. மச்சான் காய்ச்சுறான்னா, என்ன மால்ட், எத்தனை கிராம், எந்த ஈஸ்ட், எத்தனை டிகிரி, எல்லாம் ஒரு நோட்டுல இருக்கு. கிராஃப் வேற என் சர்வர்ல இருக்கு. அவன் காய்ச்சுறதை அவனே குடிக்கிறான். பாக்கெட்டைக் கடிச்சுக் கிழிச்சு குடிச்சவங்ககிட்ட என்ன இருந்துச்சு? நான் ஆயாகிட்ட ரெண்டு டிரம்முக்கும் நடுவுல கோடு போட்டுக் காட்டிட்டிருந்தேன். அவங்க டிரம்மையே பாக்கல போல.

சரி, லீட்ஸ்ல என்ன ஆச்சுன்னு கேக்குறீங்கல்ல.

முதல் பேட்ச் ஊத்திக்கிச்சு. சூடெல்லாம் கரெக்ட், 20 டிகிரி, கிராஃப் நேர்கோடு. ஆனா பீர் மோர் மாதிரி புளிப்பு. நாலு நாள் தேடினோம். வாளிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் குழாய் வெச்சிருந்தான், பாட்டில்ல பிடிக்க வசதின்னு. வாளியைக் கழுவினான், குழாயைக் கழட்டிக் கழுவல. உள்ள பழைய மால்ட் ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. கழுவுறது வேற, கிருமி நீக்குறது வேற. முதல்ல அழுக்கு போகணும், அப்புறம்தான் கிருமிநாசினி. அழுக்கு மேல கிருமிநாசினி ஊத்தினா காசுதான் வேஸ்ட். இப்போ குழாயையே எடுத்துட்டு ஓட்டையை அடைச்சுட்டான். மேல இருந்து டியூப் போட்டு உறிஞ்சி இறக்குறான், நம்ம ஊர்ல பைக் டேங்க்ல இருந்து பெட்ரோல் எடுப்பாங்களே அதே டெக்னிக். வாயால மட்டும் உறிஞ்சக் கூடாது. வாய் முழுக்க பாக்டீரியா.

ரெண்டாவது பேட்ச் நல்லா வந்துச்சாம். பாட்டில் பண்ணும்போது லிட்டருக்கு ஆறு ஏழு கிராம் சர்க்கரை, கேஸ் வர்றதுக்கு. இதுல கண்ணளவு வேணாம், தராசு வெச்சு அளந்து போடணும். கூடப் போனாலோ, நொதிச்சு முடியறதுக்கு முன்னாடி பாட்டில் பண்ணாலோ, கண்ணாடி பாட்டில் வெடிக்கும். நிஜமாவே வெடிக்கும், கண்ணு போயிடும். புதுசா பண்றவங்க சோடா வர்ற பிளாஸ்டிக் பாட்டில்ல போடுங்கன்னு அவன் சொல்றான். அமுக்கிப் பாத்தா கல்லு மாதிரி ஆச்சுன்னா கேஸ் ஏறிடுச்சுன்னு தெரிஞ்சிடும்.

மொத்த செலவு? எங்க ரெண்டு பேரோடதையும் சேர்த்து, ஓசி ஃபிரிட்ஜைக் கழிச்சா, நம்ம காசுல நாலாயிரத்துச் சொச்சம். அதுல பாதி ஹைட்ரோமீட்டரும் ஹீட் பெல்ட்டும்.

கோடு கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, இந்தப் பேஜ்லயே லிங்க் போட்டிருக்கேன். கம்போஸ்ட் தொட்டி, தயிர், டெம்பே, கோழிக்குஞ்சுப் பெட்டி, எதுக்கு வேணாலும் டெம்ப்பரேச்சரை மாத்திப் போட்டுக்கலாம். பீருக்கு, நீங்க இருக்கிற நாட்டுல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு.

வாளியா? இப்பவும் மணலூர்பேட்டைலதான் இருக்கு. ஆயா அதுல புளி போட்டு வெச்சிருக்காங்க. மூடில நான் போட்ட ஓட்டைல ஒரு துணியைத் திரிச்சு அடைச்சிருக்காங்க. போன பொங்கலுக்குப் போனப்போ திறந்து பாத்தேன். "அதைத் தொடாத"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல இன்வெர்ட்டர் பேட்டரி. சீக்கிரம் பாக்கலாம்.